சௌந்தரம் அம்மாளின் அரிசி

1976 ஆகஸ்ட் 9ஆம் தேதி, ஹோ சி மின் நகரம், டிஸ்ட்ரிக்ட் 1: செட்டியார்களின் பழைய கிட்டங்கி ஒன்றில் வசிப்பவர்கள் மூன்று பேர் என்று வார்டு அலுவலகம் பதிந்துகொண்டது. வசித்தவர்கள் இரண்டு பேர்.

மூன்றாவது பெயர் சௌந்தரம் அம்மாள். வயது நாற்பத்தெட்டு, விதவை, இந்தியப் பிரஜை. மெட்ராஸில் அச்சாகி வந்த மாத நாவல்களில் துப்பறிகிறவள்.

இது எப்படி நேர்ந்தது என்று தெரிய வேண்டுமானால் கிட்டங்கியின் வழக்கம் தெரிய வேண்டும். கிட்டங்கி என்பது ஒரு நீண்ட கூடம். ஊரிலிருந்து மூன்று வருஷக் கெடுவில் வரும் முகவர்கள் அங்கே வரிசையாக உட்கார்ந்து தொழில் பார்த்தார்கள், அங்கேயே பாய் விரித்துப் படுத்தார்கள். ஆளுக்கு ஒரு மரப்பெட்டகம், சுவரில் ஒரு கொக்கி, ஒரு பாய் அகலத்துக்கு இடம். மனைவிமார் ஊரில் இருந்தார்கள். பெண்கள் கூடத்துக்குள் வருவதில்லை.

செட்டியார் கடைகளில் சாமியும் ஒரு பங்காளி. பழனியாண்டவர் பெயரில் ஒரு பேரேடு இருக்கும், அவருக்கு ஒரு பங்கு போகும், அதை யாரும் கற்பனை என்று சொல்வதில்லை. 1963இல் மாத நாவலுக்குச் சந்தா கட்டியபோது யார் பெயரில் வரவழைப்பது என்று சண்டை வந்தது. யார் பெயருக்கு வருகிறதோ அவர்தான் கட்டைப் பிரிப்பார், அவர்தான் முதலில் படிப்பார். கரியமாணிக்கம் செட்டியார்தான் வழி சொன்னார். சாமிக்குப் பேர் போடுகிற இடத்தில் சௌந்தரத்துக்கும் ஒரு பேர் போட்டால் என்ன, அவள் பேருக்கே வரட்டும் என்றார்.

அன்று முதல் கப்பலில் வந்த கட்டுகளில் சௌந்தரம் அம்மாள் என்று விலாசம் இருந்தது. ஊருக்குப் போய்த் திரும்பாத ஒருவரின் பெட்டகம் அவளுக்கு ஆயிற்று. படித்து முடித்த புத்தகம் அதற்குள் போகும். கொக்கியும் ஒரு பாயும் இடமும் கொடுத்தார்கள். கட்டு பிரிக்கிற நாளில் முதல் காப்பி அவள் இடத்தில் வைக்கப்படும். கொஞ்ச நேரம் கழித்து யாராவது எடுத்துக் குடிப்பார்கள். ஒரு தீபாவளிக்கு எல்லோரும் வேட்டி எடுத்தபோது அவளுக்குக் கரையில்லாத வெள்ளைச் சேலை ஒன்று எடுத்து வந்து பெட்டகத்தில் வைத்தார்கள்.

1975 ஏப்ரலுக்குப் பிறகு கூடத்தில் எஞ்சியவர்கள் இருவர். கரியமாணிக்கம், கடையை நடத்திய மேலாள், ஐம்பத்தெட்டு வயது. ஏகப்பன், அவருக்குக் கீழே அடுத்தாளாக இருந்து இப்போது சமையலும் பார்க்கிறவர். பதிவுக்காரர்கள் வந்த அன்று கரியமாணிக்கம் கோயிலுக்குப் போயிருந்தார். அவர்கள் ஒவ்வொரு பெட்டகமாகத் தொட்டு இது யாருடையது என்று கேட்டார்கள். போனவர்கள் போனார்கள் என்று ஏகப்பன் சொல்லிக்கொண்டே வந்தார். கடைசிப் பெட்டகத்தில் கை வைத்தபோது சௌந்தரம் அம்மாளுடையது என்றார். பதின்மூன்று வருஷமாக அப்படித்தான் சொல்லி வந்தார். அவள் போய்விட்டாளா என்று கேட்டார்கள். இல்லை என்றார்.

"ஏண்டா அப்படிச் சொன்னே?" என்றார் கரியமாணிக்கம்.

"பெட்டகம் யாரோடதுன்னு கேட்டாக. யாரோடதோ அவுகளச் சொன்னேன்."

"வயசு வேற சொல்லியிருக்கே."

"அதையும் கேட்டாகளே அண்ணே."

அடுத்த மாதம் மூன்று பேருக்கு ரேஷன் அரிசி வந்தது. போய்ச் சொல்லித் திருத்திவிடலாம் என்று முதல் மாதம் கரியமாணிக்கம் நினைத்தார். வெயில் அதிகமாக இருந்தது, போகவில்லை. இரண்டாம் மாத அரிசி வந்த பிறகு போக முடியாது என்று தெரிந்துவிட்டது. சௌந்தரத்தின் பங்கைக் கொல்லைக் கதவு வழியாக அமீர் நிஷாவுக்குக் கொடுத்தார்கள்.

அமீர் நிஷாவுக்கு முப்பத்தாறு வயது. வேறொரு வார்டில், டோங் டு தெரு மசூதிக்குப் பக்கத்தில் ஒரு அறையில் இருந்தாள். தகப்பனார் கூத்தாநல்லூரிலிருந்து வந்து துணிக்கடையில் இருந்தவர், தாயார் இந்த ஊர்க்காரி. தமிழ் படிக்கத் தகப்பனார் சொல்லிக்கொடுத்தார். இடியாப்பம் விற்க வந்த இடத்தில் ஏகப்பனிடம் ஒரு நாவல் இரவல் வாங்கியதில் பழக்கம் ஆரம்பித்தது. கூடத்துக்குள் அவள் வந்ததில்லை. கொல்லைப் படியில் உட்கார்ந்து புத்தகம் மாற்றிக்கொண்டு, சண்டையும் போட்டுவிட்டுப் போவாள்.

சண்டை எப்போதும் ஒன்றுதான், துப்பறிகிறவர்களில் யார் உசத்தி என்று. கரியமாணிக்கத்துக்குச் சௌந்தரம். ரயில்வே கார்டின் விதவை. கம்பெனி கொடுத்த பாஸை வைத்துக்கொண்டு ரயிலிலேயே போய்க்கொண்டிருப்பாள். கொலை நடந்த பெட்டியில் யாரிடமும் வாய் கொடுக்க மாட்டாள். படுக்கை, கூஜா, தூக்குச்சட்டி எல்லாவற்றையும் பார்ப்பாள். ஆளைக் கேட்காதே, மூட்டையைக் கேள் என்பது அவள் பேச்சு. நிஷாவுக்கு இன்னொரு பதிப்பகம் போட்ட நாவல்களில் வரும் ஏட்டு நாகப்பன். ஓய்வுபெற்ற ஹெட் கான்ஸ்டபிள். இழவு வீட்டுக்குப் போய் முதலில் சாப்பிடுவார், பிறகு திண்டில் சாய்ந்து பேசிக்கொண்டிருப்பார். முதல் ஆளைத் தப்பாகப் பிடிப்பார். எதிரில் இருப்பவனுக்கு என்ன வேண்டும் என்று கண்டுபிடித்த பிறகு சரியான ஆளைப் பிடிப்பார்.

"உங்க சௌந்தரம் மூட்டையப் பாத்துக்கிட்டே இருப்பா செட்டியாரே. மூட்டைக்காரன் அடுத்த டேசன்ல எறங்கிப் போயிருவான்."

"உங்க ஏட்டு சாப்பிட்ட எலைய எடுக்கிறதுக்குள்ள இன்னொரு கொலை நடந்துருமே."

"நடந்தா என்ன. அந்த வீட்டிலயும் சோறு கெடைக்கும்."

1975இல் நிஷாவின் கணவர் கப்பலில் இடம் கிடைத்து நான்கு வயது மகள் ஷரீஃபுன்னிசாவோடு கூத்தாநல்லூர் போனார். நிஷாவின் தாயார் படுக்கையில் இருந்தாள். அடுத்த கப்பலில் வருவதாக நிஷா சொன்னாள். அடுத்த கப்பல் இல்லை. தாயார் மறு வருஷம் இறந்தாள். நிஷாவின் நிக்காஹ் எங்கும் பதியப்படவில்லை. இந்த ஊரில் பிறந்தவள், இந்த ஊர்க்காரியின் மகள். வெளியே போகும் இந்தியர்களில் அவளைச் சேர்க்க முடியாது என்று மூன்று இடங்களில் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவள் யாரிடமும் கேட்கவில்லை. கொல்லைப் படிக்கு வருவது நிற்கவில்லை. அரிசியை வாங்கி முடிந்துகொண்டு, படித்த நாவலையே மறுபடி வாங்கிப் போனாள். புதிதாக எதுவும் வருவதில்லை.

1977 நவம்பரில் கரியமாணிக்கத்துக்கும் ஏகப்பனுக்கும் பாங்காக் வழியாக மெட்ராஸ் போக இடம் வந்தது. வார்டு அலுவலகம் சரி என்று முத்திரை வைக்க வேண்டும். அதற்காக ஹான் என்ற அலுவலர் கிட்டங்கிக்கு வந்தார். வடக்கிலிருந்து வந்தவர், முப்பது வயதிருக்கும். பல்வலியால் ஒரு கன்னம் வீங்கியிருந்தது. அதனால் குறைவாகப் பேசினார்.

"வீட்டில் மூன்று பேர். விண்ணப்பம் இரண்டு. ஏன்?"

கரியமாணிக்கத்துக்கு முப்பது வருஷத்துக் கடைத்தெரு வியட்நாமியம் இருந்தது. உண்மையைச் சொல்வது என்று முடிவு செய்தார். பெட்டகத்தைத் திறந்து ஒரு நாவலை எடுத்துக் காட்டினார். அட்டையில் வெள்ளைச் சேலை கட்டிய பெண் கையில் ரயில் விளக்கோடு நின்றாள்.

"இவர்தான் அந்த அம்மாளா?"

"இது படம். கதையில் வருகிறவள்."

"படம் என்று தெரிகிறது. ஆள் எங்கே?"

"ஆள் இல்லை. கதைதான்."

ஹான் புத்தகத்தை வாங்கி வைத்துவிட்டுப் பெட்டகத்தைப் பார்த்தார். சேலையை எடுத்து உதறினார். மடிப்பு நைந்திருந்தது. பெயர் எழுதிய கட்டுத்தாள்களைப் பார்த்தார். கொக்கியைத் தொட்டார். தரையில் மூன்று பாய்கள் இன்னும் விரித்துக் கிடந்ததைக் காலால் காட்டினார். அவள் டம்ளர் எது என்று கேட்டார். ஏகப்பன் எடுத்துக் கொடுத்தார்.

"பொருள்களைப் பார்த்தால் இங்கே மூன்று பேர் இருக்கிறார்கள்" என்றார் ஹான். "நீங்கள் சொல்வதைக் கேட்டால் இரண்டு பேர். மனிதர்கள் ஏதாவது காரணத்துக்காகச் சொல்வார்கள். சேலைக்கு என்ன காரணம் இருக்கிறது?"

இதே வாதத்தைச் சௌந்தரம் ஐந்தாவது நாவலில் விழுப்புரம் ஜங்ஷனில் நின்று சொல்லியிருந்தாள். அது கரியமாணிக்கத்துக்கு மனப்பாடம்.

"ஒரு வருஷத்துக்கு மேல் அவள் பெயரில் அரிசி வாங்கியிருக்கிறீர்கள். ஆள் இருந்தால் அழைத்து வாருங்கள், மூன்று பேருக்கும் முத்திரை வைக்கிறேன். இல்லை என்றால் அரிசி ஒரு வழக்கு. வழக்கு முடியாமல் யாரும் போக முடியாது." கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். "அடுத்த வாரம்."

அவர் போன பிறகு ஏகப்பன் கிராம்பு கொடுத்திருக்கலாம் என்றார்.

மறுநாள் நிஷா அரிசிக்கு வந்தாள். படியில் உட்கார வைத்துச் சொன்னார்கள். முழுதும் கேட்டாள். முடிந்திருந்த முந்தானையை அவிழ்த்து மறுபடி முடிந்தாள்.

"உங்க சௌந்தரம் இப்ப என்ன செய்வா?"

"அவளா. அந்த ஆபீசரு செஞ்சதத்தான் செஞ்சிருப்பா."

"பாத்தீங்களா. உங்க ஆளு போலீசுக்காரன் பக்கம் போயிட்டா. எங்க ஏட்டய்யாவா இருந்தா என்ன கேப்பாரு? எதிர்ல இருக்கிறவனுக்கு என்ன வேணும்? அவனுக்கு அரிசி வேணாம். உங்களப் பிடிச்சுப் போடவும் வேணாம், பல்லு வலிக்குது பாவம். மூணுன்னு எழுதியிருக்கு, மூணு தல வேணும்."

"தலைக்கு எங்க போறது?"

அவள் அரிசிப் பையைப் பார்த்தாள். "ஒரு வருசமா அவ அரிசியத் தின்னது நாந்தான்."

பிறகு கரியமாணிக்கம், மாட்டிக்கொண்டால் தங்களுக்கு வழக்கோடு போகும், அவளை எங்கே கொண்டுபோவார்கள் என்று தெரியாது என்றார். தெரியும் என்றாள் அவள். புள்ளைக்கு இப்போது ஆறு வயது, தன்னை அடையாளம் தெரியாது, இன்னும் இரண்டு வருஷம் போனால் தனக்கே தெரியாமல் போகும் என்றாள். கடைத்தெருவில் விலை சொல்கிற குரலில்தான் இதையும் சொன்னாள்.

கரியமாணிக்கம் கதவை நன்றாகத் திறந்தார். "உள்ள வா" என்றார்.

அன்று முதல் முறையாக ஒரு பெண் அந்தக் கூடத்துக்குள் வந்தாள். சௌந்தரத்தின் இடத்தில் உட்கார்ந்தாள். சுற்றிப் பார்த்து, நினைத்ததைவிடச் சின்னதாக இருக்கிறது என்றாள்.

பாடம் நடந்தது. கரியமாணிக்கம் கேட்டார், அவள் சொன்னாள்.

"எந்த ஊரு?"

"பொறந்தது மாயவரம். வாக்கப்பட்டது திருச்சி, பொன்மலை ரயில்வே காலனி."

"புருசன் எப்படிச் செத்தாரு?"

"ரெண்டு பெட்டிக்கு நடுவுல மாட்டி. அத மூணாவது புஸ்தகத்துலதான் சொல்றாங்க. மொதப் புஸ்தகத்துல காச்சல்னு இருக்கு."

"காச்சலா? எங்க இருக்கு?"

"இருக்கு செட்டியாரே. எழுதினவரு மறந்துட்டாரு, நீங்களும் மறந்துட்டீங்க. நான் மறக்கல. புடிக்காததத்தான் ஒழுங்காப் படிக்கணும்."

"புருசன் பேரு?"

அவள் நிறுத்தினாள். ஒரு நாவலிலும் பேர் இல்லை. அவர், கார்டு ஐயா என்றுதான் வரும். ஹான் கண்டிப்பாகக் கேட்பார். மூவரும் யோசித்தார்கள்.

"நாகப்பன்னு போட்டா என்ன?" என்றார் ஏகப்பன்.

நிஷா சிரித்தாள். அந்த இரண்டு வருஷத்தில் அவள் சிரித்து ஏகப்பன் பார்த்தது அது ஒன்றுதான். "எங்க ஏட்டய்யாவ இந்தப் பொம்பளைக்குக் கட்டி வைக்கிறீங்களா?"

"இப்ப உசுரோட இல்லையே அவரு" என்றார் கரியமாணிக்கம்.

"அதனாலதான் சம்மதிக்கிறேன்."

வயதுதான் இடித்தது. பதிவில் நாற்பத்தெட்டு. "கதையில பதினாலு வருசமா நாப்பத்தெட்டுதான்" என்றார் ஏகப்பன், அது ஒரு வழி போல. கரியமாணிக்கம் நிஷாவின் முகத்தைப் பார்த்தார். கண்ணுக்குக் கீழே கருப்பு, முன்தலையில் நரை. இந்த ஊரில் இப்போது எல்லோருக்கும் பத்து வயது கூடத்தான் இருக்கிறது, ஒன்றும் தெரியாது என்றார். அவள் அதற்குக் கோபப்படவில்லை.

வார்டு அலுவலகத்துக்குப் போகிற அன்று நிஷா வெள்ளைச் சேலையைக் கட்டி வந்தபோது ஏகப்பன் குங்குமச் சிமிழோடு நின்றார். இந்துப் பெண்ணாகக் காட்ட வேண்டும் என்றால் பொட்டு வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருந்தது. "டேய், விதவைடா" என்றார் கரியமாணிக்கம். ஏகப்பன் சிமிழை மூடினார். நெற்றி வெறுமையாக இருப்பதில் சௌந்தரத்துக்கும் அமீர் நிஷாவுக்கும் வித்தியாசம் இல்லை. தலையில் முக்காடு போடும் கைதான் தானாக மேலே போய்க்கொண்டிருந்தது. வழியெல்லாம் ஒரு கையால் மற்றக் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

அவளுக்கு வியட்நாமியம் தெரியாது. அதுதான் முக்கியமான பொய். தாய்மொழியே அதுதான். சௌந்தரத்துக்குத் தெரிய நியாயம் இல்லை. தெரிந்தால் எப்படித் தெரிந்தது என்று அடுத்த கேள்வி வரும்.

வார்டு அலுவலகத்தில் மழை ஓட்டில் விழுந்து சத்தமாக இருந்தது. செருப்புகளை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனார்கள். ஹானின் வீக்கம் குறைந்திருந்தது. பெயர், ஊர், கணவர் பெயர், அவர் தொழில் என்று கேட்டார். கரியமாணிக்கம் மொழிபெயர்த்தார். நிஷா தமிழில் பதில் சொன்னாள். நாகப்பன் என்ற பெயரைச் சொல்லும்போது குரல் சரியாக இருந்தது.

"இத்தனை நாள் ஏன் வெளியே வரவில்லை?"

"எங்க கிட்டங்கில பொம்பளைங்க இருக்கிற வழக்கமில்ல. வெளிய தெரிஞ்சா செட்டியாருங்களுக்கு அவமானம்னு இருந்துட்டேன்."

இதை அவர்கள் முன்கூட்டிப் பேசிக்கொள்ளவில்லை. கரியமாணிக்கம் அப்படியே மொழிபெயர்த்தார். ஹான் தலையசைத்தார். காகிதத்தில் ஏதோ எழுதினார். எழுதிக்கொண்டே, தலையைத் தூக்காமல், வியட்நாமியத்தில் சாதாரணமாகச் சொன்னார்:

"அம்மா, உங்கள் செருப்பு மழையில் போகிறது."

வாசலில் தண்ணீர் ஏறியிருந்தது. ஏகப்பன் திரும்பிப் பார்த்தார். நிஷா எதிர்ச்சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கழுத்துகூட அசையவில்லை. கரியமாணிக்கம் தமிழில் சொன்ன பிறகுதான் திரும்பினாள். எழுந்து போய் இரண்டு செருப்புகளையும் எடுத்து மேலே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

ஹான் பேனாவை மூடினார். "இங்கே நெடுநாள் இருந்தவர்களின் முகம் இவருக்கு இருக்கிறது" என்றார்.

"இங்கத்து அரிசிதானே சாப்பிடுகிறாள்" என்றார் கரியமாணிக்கம்.

ஹான் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் என்ன நினைத்தார் என்பது தெரியவில்லை. ஹானுக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்று ஏகப்பன் பிறகு சொன்னார். தெரிந்திருக்காது என்று கரியமாணிக்கம் சொன்னார். ஹான் முத்திரையை மூன்று முறை குத்தினார். பெட்டகத்தில் இருக்கும் புத்தகங்கள் பழைய ஆட்சியின் காலத்தவை, வெளியே கொண்டுபோக முடியாது, அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்றார்.

பயணச் சான்றுக்குக் கரியமாணிக்கம் மூத்த முகவர் என்ற முறையில், இவள் நாகப்பன் மனைவி சௌந்தரம், எனக்கு வெகுநாளாகத் தெரியும் என்று கையெழுத்துப் போட்டார். அதில் இரண்டாம் பாதி உண்மை.

விமானம் வரும் வரை அவள் கிட்டங்கியிலேயே இருக்க வேண்டியிருந்தது. திடீரென்று வந்து எண்ணிப் பார்ப்பார்கள். தன் அறை இருந்த வார்டில், வுங் டாவுக்குப் போய்க் கருவாடு வாங்கி வருவதாகப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வந்தாள். சாவியைக் கொடுக்கவில்லை. கொடுத்தால் திரும்ப மாட்டாள் என்று தெரிந்துவிடும். ஆண்கள் இருவரும் பாயைச் சமையலறைப் பக்கம் எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். சௌந்தரத்தின் கொக்கியில் ஒரு பை தொங்கியது. காலையில் முதல் காப்பி அந்த இடத்துக்குப் போயிற்று, அங்கேயே குடிக்கப்பட்டது. தொழுகைக்கு எந்தத் திசை என்று கேட்டாள். ஏகப்பன் பழக்கத்தில் கோயில் இருக்கும் திசையைக் காட்டினார். அவள் எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

புத்தகங்களை ஒப்படைக்கிற அன்று கடைசியாக ஒருமுறை படிக்கலாம் என்று இருவரும் உட்கார்ந்தார்கள். கரியமாணிக்கம் ஒரு சௌந்தரத்தை எடுத்தார். நிஷா ஒரு ஏட்டு நாகப்பனை எடுத்தாள். வரிகள் கண்ணில் பட்டன, ஒன்றும் ஏறவில்லை. மத்தியானம் வரை பக்கத்தைப் புரட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"செட்டியாரே, படிக்கிறீங்களா?"

"இல்ல."

"நானும் இல்ல."

ஏகப்பன் சைக்கிள் ரிக்‌ஷா ஒன்றைக் கூட்டி வந்தார். பெட்டகத்தை அப்படியே ஏற்றி அனுப்பினார்கள். அது கிடந்த இடத்தில் தரை வெளுத்திருந்தது. கரியமாணிக்கம் ஏதாவது தோன்றும் என்று காத்திருந்தார். பிறகு குளிக்கப் போனார்.

டிசம்பர் நடுவில் விமானம். ஒன்றும் கொண்டுவரக் கூடாது என்று கரியமாணிக்கம் அவளிடம் சொல்லியிருந்தார். மாற்றுச் சேலை, சீப்பு, துண்டு, அவ்வளவுதான். சோதனை மேசையில் ஒவ்வொரு மூட்டையாக அவிழ்த்தார்கள். கரியமாணிக்கத்தின் பையைக் கொட்டினார்கள், ஏகப்பனுடையதைக் கொட்டினார்கள். நிஷாவின் மூட்டையில் சேலைக்குள் சுருட்டியிருந்த ஒன்றைச் சோதனைக்காரர் வெளியே எடுத்து மேசையில் விரித்தார். பச்சைப் பூப்போட்ட சின்ன கவுன். நான்கு வயதுக் குழந்தைக்கு ஆகும்.

கரியமாணிக்கம் அதைப் பார்த்தார். நாற்பத்தெட்டு வயது, குழந்தை இல்லாத விதவை. கையில் பழைய கவுன், கழுத்துப் பட்டன் தேய்ந்தது, இடுப்பில் ஒட்டுப் போட்டது. சோதிக்கிறவள் சௌந்தரமாக இருந்தால் இந்த மேசையிலேயே கதை முடிந்திருக்கும்.

"இது யாருக்கு?" என்றார் சோதனைக்காரர் வியட்நாமியத்தில்.

நிஷா கரியமாணிக்கத்தைப் பார்த்தாள். அவர் தமிழில், "யாருக்குன்னு கேக்குறாரு" என்றார்.

"புள்ளைக்கு" என்றாள்.

"பேத்திக்கு" என்று கரியமாணிக்கம் வியட்நாமியத்தில் சொன்னார். "என் பேத்திக்கு. என் பையில் இடம் இல்லை."

சோதனைக்காரர் கவுனின் கையைப் பிடித்துத் தடவிப் பார்த்தார், ஏதாவது தைத்து வைத்திருக்கிறதா என்று. ஒன்றும் இல்லை. கவுனைச் சுருட்டி மூட்டைக்குள் போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

விமானத்தில் நிஷா ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். வெளியே பார்க்கவில்லை.

"என்ன சொன்னேன் உன்கிட்ட?" என்றார் கரியமாணிக்கம்.

"சின்னதாப் போயிருக்கும். தெரியும்" என்றாள் அவள். "மூட்டையப் பாத்தான். மூட்டைய ஒண்ணும் கேக்கல."

மெட்ராஸில் இறங்கியதும் கரியமாணிக்கமும் ஏகப்பனும் அவளை எழும்பூரில் தஞ்சாவூர் வழியாகப் போகும் ரயிலில் ஏற்றிவிட்டார்கள். ஸ்டேஷன் புத்தகக் கடையில் மாத நாவல்கள் தொங்கின. கரியமாணிக்கம் அந்தப் பக்கம் போகவில்லை. ஏகப்பன் போய்ப் பார்த்துவிட்டு வந்து, சௌந்தரம் புதுசு வந்திருக்கு என்றார். வயசு என்ன போட்டிருக்கு என்று கேட்டார் கரியமாணிக்கம். பார்க்கவில்லை என்றார் ஏகப்பன்.

கூத்தாநல்லூரில் ஷரீஃபுன்னிசா கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். கவுன் அவளுக்குத் தோளில் நின்றுவிட்டது. வீட்டின் குடும்ப அட்டையில் அமீர் நிஷாவைச் சேர்க்கக் காகிதம் எதுவும் இல்லை. இருந்த ஒரே காகிதம் பயணச் சான்று. அதன்படி 1978 ஏப்ரலில் அவளுக்குத் தனி அட்டை வந்தது: சௌந்தரம், கணவர் நாகப்பன், காலமானார், வயது 48. அந்த அட்டையில் அரிசி வாங்கினார்கள்.

ஹோ சி மின் நகரில் அமீர் நிஷாவின் அறைப் பூட்டை உடைத்துத் திறந்தார்கள். பாத்திரங்களும் ஒரு பாயும் இருந்தன. வுங் டாவுக்குப் போனவள் என்று பக்கத்து வீட்டில் சொன்னதால் அங்கே விசாரித்தார்கள். அந்த மாதங்களில் அங்கிருந்து பல படகுகள் இரவில் கிளம்பியிருந்தன. 1979 ஜூலையில் விசாரணை முடிந்தது. கடல் வழியாகச் சட்டவிரோதமாக வெளியேறியவர், இறந்திருக்கலாம் என்று பதிந்து அந்த அறையை வேறு குடும்பத்துக்குக் கொடுத்தார்கள்.